அறிந்தது போதும், அடியெடுத்து வைப்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புகழ் அனைத்தும் ஏக இறைவனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

இன்றைய கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் நம்மைக் கேட்டுக் கொண்டபோது, நம் மனத்தில் நெடுநாளாக உறுத்திக் கொண்டிருக்கும் ஒன்றையே பேசுவதென முடிவு செய்தோம். அறியாமையால் அழிந்த சமுதாயங்கள் உண்டு. ஆனால் நம் காலத்தில், அறிந்தும் அறிந்தும் அசையாமல் இருப்பது ஒரு நோயாகப் பரவியிருக்கின்றது. அந்த நோயைப் பற்றியும், அதற்கு நம் முன்னோர் கண்ட மருந்தைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

தகவல் வெள்ளம்

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் ஒரு மஸ்அலாவுக்கு விடை வேண்டுமென்றால், கிதாபைத் தூக்கிக் கொண்டு உஸ்தாத் அவர்களின் அறை வாசலில் காத்து நிற்க வேண்டும். விடை கிடைத்த பின்னர் அதன்படி செய்வதைத் தவிர வேறு வழி இராது. இன்றோ, ஃபஜ்ருத் தொழுகைக்குக் கண் விழிப்பதற்குள் கைப்பேசியில் நாற்பது செய்திகள் வந்து நிற்கின்றன. சர்க்கரை நோய்க்குப் பத்து வைத்தியம், பிள்ளையின் படிப்புக்கு இருபது யோசனை, ஒரே மார்க்கக் கேள்விக்கு எட்டு ஆலிம்களின் எட்டுக் காணொளி. எல்லாவற்றையும் பார்க்கிறோம், மற்றவர்களுக்கும் அனுப்புகிறோம். மாலையில் கணக்கெடுத்துப் பார்த்தால் செய்து முடித்தது ஒன்றுமில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்து பள்ளிவாசல்களின் கதவுகள் அடைக்கப்பட்ட நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே உலகச் சுகாதார நிறுவனம், நோய்த் தொற்றோடு கூடவே தகவல் தொற்றும் பரவுகின்றது என்று எச்சரித்தது. மெய்யும் பொய்யுமாகச் செய்திகள் அளவின்றிப் பெருகும்போது, நம்பத் தகுந்த வழிகாட்டலைக் கண்டு பிடிப்பதே மக்களுக்குக் கடினமாகி விடுகின்றது என்பதே அந்த எச்சரிக்கையின் சாரம். கிருமி தணிந்தது, அந்த இரண்டாவது தொற்று இன்னும் நம் வீடுகளை விட்டு நீங்கவில்லை.

கேள்வி மேல் கேள்வி

அருமைச் சகோதரர்களே! இது புதிய நோயன்று. திருமறையின் மிக நீண்ட அத்தியாயத்திற்கு 'அல்பகரா' என்று பெயர். பசு மாடு என்பது அதன் பொருள். அந்தப் பெயர் எந்த நிகழ்ச்சியால் வந்தது? மூஸா (அலை) அவர்களின் சமுதாயத்தாருக்கு ஒரு மாட்டை அறுக்குமாறு கட்டளை வந்தது. ஏதேனும் ஒரு மாட்டைப் பிடித்து அறுத்திருந்தால் அன்றைக்கே கடமை முடிந்திருக்கும் என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். அவர்களோ கேள்வி கேட்கத் தொடங்கினர். அதன் வயது என்ன என்றனர், விடை வந்தது. நிறம் என்ன என்றனர். அதற்கும் விடை வந்தது. மாடுகளெல்லாம் ஒன்று போலத் தோன்றுகின்றன, இன்னும் விளக்கம் வேண்டும் என்றனர். ஒவ்வொரு கேள்விக்கும் வழி குறுகிற்று; எளிதாயிருந்த கட்டளை கடினமாயிற்று. இறுதியில் அறுத்தார்கள், ஆனால் செய்யாமலே விட்டு விடும் அளவுக்கு நெருங்கிய பின்னரே செய்தார்கள் என்று அந்த வரலாறு (2:67-71) முடிகின்றது.

கேள்வி கேட்பது குற்றமா? ஒருபோதும் இல்லை. அறியாதவர் அறிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. ஆனால் செய்வதற்காகக் கேட்கும் கேள்வி வேறு. செய்வதைத் தள்ளிப் போடுவதற்காகக் கேட்கும் கேள்வி வேறு. இரண்டும் வெளித் தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும். கேட்பவரின் நெஞ்சுக்கு மட்டுமே வேறுபாடு தெரியும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஜவுளி வணிகம் செய்யும் சகோதரர் ஒருவர் ரமளான் முழுவதும் ஜகாத் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டார். நிஸாப் எனும் குறைந்தபட்ச அளவைச் சுமார் 612 கிராம் வெள்ளியைக் கொண்டு கணக்கிடுவதா, சுமார் 87 கிராம் தங்கத்தைக் கொண்டு கணக்கிடுவதா என்பதில் அவருக்குத் தெளிவு பிறக்கவில்லை. பெருநாளும் வந்து போயிற்று. ஜகாத் மட்டும் கொடுக்கப்படவில்லை. பின்னர் நம்மிடம் வந்தபோது, அவருடைய கடைச் சரக்கின் மதிப்பைக் கேட்டோம். அவர் சொன்ன தொகை அந்த இரண்டு அளவுகளையும் பன்மடங்கு தாண்டியிருந்தது! எந்தக் கேள்விக்காக ஒரு மாதத்தைச் செலவிட்டாரோ, அந்தக் கேள்வி அவருடைய கடமையை இம்மியும் மாற்றக் கூடியதாக இல்லை. சரக்கை எண்ணி, நாற்பதில் ஒன்றைப் பிரித்துக் கொடுப்பது மட்டுமே மீதியிருந்தது. தேடிக் கொண்டிருக்கும் நாம் ஒவ்வொருவரும் நம்மையே இவ்வாறு கேட்டுக் கொள்வது நல்லது: இந்தக் கேள்விக்கு எந்த விடை வந்தாலும் நாம் செய்யப் போவது ஒன்றேயெனில், எதற்காகக் காத்திருக்கிறோம்?

ஸர்ஃகில் எடுத்த முடிவு

முன்னோர்களிடம் செய்தி குறைவாக இருந்தது, அதனால் எளிதாக முடிவெடுத்தார்கள் என்று சிலர் எண்ணக் கூடும். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் இது விரிவாகப் பதிவாகியுள்ளது.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமானார்கள். ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது படைத்தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் ஏனையோரும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியைக் கூறினார்கள். வரலாற்றில் 'அம்வாஸ் கொள்ளைநோய்' என்று பெயர் பெற்றது அதுவே. உமர் (ரலி) அவர்கள் முதலில் மூத்த முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். ஒரு நோக்கத்திற்காகப் புறப்பட்டு வந்த பிறகு திரும்புவது தகாது என்றனர் ஒரு சாரார். நபித்தோழர்களைக் கொண்டு போய் நோயில் தள்ளலாகாது என்றனர் மறு சாரார். அடுத்து அன்சாரிகளை அழைத்தார்கள். அவர்களும் அவ்வாறே இரண்டாகப் பிரிந்தனர். மூன்றாவதாக, மக்கா வெற்றியை ஒட்டி ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். திரும்பி விடுவதே நன்று என்று அவர்கள் ஒரே குரலில் கூறினர்.

அதற்கு மேல் உமர் (ரலி) அவர்கள் நான்காவது சபையைக் கூட்டவில்லை. காலையில் திரும்பப் போவதாக மக்களிடையே அறிவித்து விட்டார்கள்.

அப்போது அபூஉபைதா (ரலி) அவர்கள், இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள். தளபதி கேட்கும் கேள்வி. தாம் பெரிதும் மதிக்கும் தோழர் கேட்கும் கேள்வி. உமர் (ரலி) அவர்கள் தடுமாறவில்லை. ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது இறைவிதிதானே என்று உவமை காட்டினார்கள்.

இதற்குப் பிறகே, வேறொரு தேவைக்காக வெளியே சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லக் கூடாது. இருக்கும் ஊரில் அது வந்து விட்டால் அதற்கு அஞ்சி வெளியேறக் கூடாது என்ற நபிமொழியைத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து விட்டுத் திரும்பினார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். இதன் வரிசையைக் கவனித்ததுண்டா? தீர்மானமான சான்று கடைசியாக வந்தது. முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டு விட்டது. கேட்க வேண்டியவர்களைக் கேட்டார்கள். அவர்கள் முரண்பட்டபோதும் மனம் தளரவில்லை. கிடைத்த அறிவைக் கொண்டு முடிவெடுத்தார்கள். முழு விவரமும் கைக்கு வரட்டும் என்று ஸர்ஃகில் மாதக் கணக்கில் கூடாரமடித்துக் காத்திருக்கவில்லை.

ஆலோசனை, உறுதி, தவக்குல்

உஹதுப் போருக்குப் பின் அருளப்பெற்ற ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது வசனம் இந்த வரிசையைத்தான் கற்பிக்கின்றது. தோழர்களுடன் ஆலோசிக்குமாறு முதலில் கூறி, அதன் பின் உறுதி கொண்டு விட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கூறுகின்றது. ஆலோசனை, உறுதி, தவக்குல் ஆகிய மூன்று படிகளும் அடுத்தடுத்து உள்ளன. நம்மில் பலர் முதற்படியிலேயே வீடு கட்டிக் குடியேறி விட்டோம். வேறு சிலரோ முதலிரண்டையும் தாண்டிக் குதித்து, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கே தவக்குல் என்று பெயர் சூட்டி விட்டனர்.

இஸ்திகாராத் தொழுகையின் நிலையும் இதுவே. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியில், ஒருவர் ஒரு காரியத்தை நாடி விட்டால் இரண்டு ரக்அத் தொழுது துஆச் செய்ய வேண்டும் என்றே வருகின்றது. அதாவது, காரியத்தை நாடியவர் தொழும் தொழுகை அது. கனவில் பச்சையோ வெள்ளையோ தோன்ற வேண்டும் என்று அந்த நபிமொழியில் இல்லை. நம் மக்களோ, கனவு வரவில்லையே என்று பெண்ணுக்கு வந்த நல்ல சம்பந்தத்தை மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கின்றனர். இஸ்திகாரா செய்தவர் அடியெடுத்து வைக்க வேண்டும். நன்மையானால் அல்லாஹ் எளிதாக்குவான். தீமையானால் திருப்பி விடுவான். நடப்பவனைத்தான் திருப்ப முடியும்!

ஃபிக்ஹுச் சட்டத்திலும் இதே நெறியைக் காண்கிறோம். கிப்லாவின் திசை தெரியாத இடத்தில் ஒரு பயணிக்குத் தொழுகை நேரம் வந்து விட்டது. விசாரிக்க ஆளில்லை. அவர் என்ன செய்வார்? இயன்றவரை முயன்று, மனம் எத்திசையில் சாய்கின்றதோ அத்திசையில் தொழ வேண்டும். தவறான திசை என்று பின்னர் தெரிய வந்தால் மீண்டும் தொழ வேண்டுமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் திசை குழப்பமாக இருக்கிறதே என்று தொழாமல் உட்கார்ந்திருக்கலாம் என எந்த இமாமும் கூறவில்லை.

நம்முடைய குற்றம்

சகோதரர்களே! பிறருக்குச் சொல்லிக் கொண்டிருக்கும் நாம் நம் கதையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் இஷாத் தொழுகைக்குப் பின் நம் அருகில் வந்து அமர்ந்தார். சிறு வயதிலேயே மலேசியாவுக்குக் கப்பலேறி, சாப்பாட்டுக் கடையில் காலமெல்லாம் உழைத்து, தங்கைமார்களையும் பெண் மக்களையும் கரை சேர்த்தவர். "ஹஜ்ரத், எனக்கு ஓதத் தெரியாது. அலிஃப், பாவிலேர்ந்து ஆரம்பிச்சு வைங்க" என்று மெல்லிய குரலில் கேட்டார். அவ்வாறு கேட்பதற்கு அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை அன்று நாம் உணரவில்லை. "இன்ஷா அல்லாஹ் மாமா, முதியோருக்கென்றே ஒரு வகுப்பை ஒழுங்காகத் தொடங்கலாம்" என்றோம்.

ஒழுங்காக! அந்தச் சொல்தான் நம்மைக் கெடுத்தது. எந்தக் காயிதா முதியோருக்குப் பொருந்தும் என்று ஊர் ஊராக விசாரித்து நான்கைந்தை வரவழைத்தோம். மற்ற ஊர் இமாம்களிடம் பாடத்திட்டம் கேட்டோம். மக்ரிபுக்குப் பின்னா, ஃபஜ்ருக்குப் பின்னா என்று பலரிடம் கருத்துக் கேட்டோம். கரும்பலகைக்கும் சாய்வு மேசைக்கும் விலை விசாரித்தோம். ரமளானுக்குப் பிறகு என்றோம்; ஹஜ்ஜுக்குப் பிறகு என்றோம். பெரியவர் எப்போது நம்மைக் கண்டாலும் ஸலாம் சொல்லிப் புன்னகைப்பார். மறுபடியும் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் அவர் மௌத்தாகி விட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். அடக்கம் முடிந்து வீட்டாருக்கு ஆறுதல் சொல்லச் சென்றபோது, அவருடைய மகளார் ஒரு பாலித்தீன் உறையைக் கொண்டு வரச் செய்து நம்மிடம் தந்தார். உள்ளே குழந்தைகள் ஓதும் சிறிய காயிதா. எழுத்துகளின் கீழே பென்சிலால் இடப்பட்ட கோடுகள். மக்தபில் ஓதி வரும் எட்டு வயதுப் பேத்தியிடம் தினமும் அஸருக்குப் பின் அவர் பாடம் கேட்டிருக்கிறார். கோடுகள் 'ஸீன்' எழுத்தோடு நின்றிருந்தன.

நாம் ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதி ஸனது பெற்றவர். நம் அலமாரியில் நான்கு வகைக் காயிதாக்கள். அந்தக் குழந்தையிடமோ ஒரேயொரு காயிதாதான். அவரை 'ஸீன்' வரை அழைத்துச் சென்றது அந்தக் குழந்தையே. கியாமத்து நாளில் அந்தப் பெரியவர் நம் சட்டையைப் பிடித்தால் என்ன சொல்வது என்று அன்றிரவு முழுவதும் உறங்காமல் கிடந்தோம்.

மறுநாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்தவுடன் எழுந்து, ஓதத் தெரியாதவர்கள் கால் மணி நேரம் அமருமாறு அறிவித்தோம். ஆறு பேர் அமர்ந்தனர். மேசையில்லை, பலகையில்லை, மக்தபுப் பிள்ளைகளின் காயிதாவையே எடுத்து வைத்துத் தொடங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், அவ்வகுப்பு இன்று வரை நின்றதில்லை. அந்த ஆறு பேரில் இருவர் குர்ஆனை முழுமையாகப் பார்த்து ஓதி முடித்து விட்டனர். எந்தக் காயிதா சிறந்தது என்ற கேள்விக்கு இன்னமும் நம்மிடம் விடையில்லை, அது தேவைப்படவுமில்லை.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பல கலைகளைக் கற்ற பின்னும் தமக்குப் பயன் தரும் கல்வி எது என்று கேட்டெழுதிய ஒரு மாணவருக்கு விடையாக எழுதிய சிறு நூல் 'அய்யுஹல் வலத்'. அதில் ஓர் உவமை உண்டு. வனாந்தரத்தில் செல்லும் ஒரு வீரனிடம் பத்து இந்திய வாள்கள் இருக்கின்றன, சிங்கம் பாய்கின்றது, வாளை உருவி வீசாத வரை அவை அவனைக் காக்குமா என்று வினவுகிறார்கள். நம் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் சொற்பொழிவுகள் எத்தனை வாள்கள்? அவற்றுள் உருவியது எத்தனை?

எதில் விரைவு, எதில் நிதானம்

இவ்வாறு கூறுவதால், எல்லாவற்றிலும் அவசரப்பட வேண்டுமென்று யாரும் பொருள் கொண்டு விடாதீர்கள். கோபத்தில் தலாக் என்னும் சொல்லை நாவில் எடுப்பவர் நிதானிக்க வேண்டும். வட்டிக்கடனில் கையெழுத்திடப் போகிறவர் நின்று திரும்பி விட வேண்டும். ஒருவரைப் பற்றி வரும் செய்தியை விசாரிக்காமல் பரப்புவதைத் திருமறை (49:6) தடுக்கின்றது. பிறரைக் காயப்படுத்தக் கூடியதிலும், செய்த பின் மீட்க முடியாததிலும் நிதானம் வேண்டும். தொழுகை, கடன் திருப்புதல், உறவினரிடம் ஸலாம் சொல்லிச் சேருதல், வஸிய்யத்து எழுதி வைத்தல் போன்றவற்றில் தாமதமே ஆபத்து. வஸிய்யத்துச் செய்ய வேண்டிய பொருள் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. நம்மில் எத்தனை பேர் இருபது ஆண்டுகளைக் கழித்து விட்டோம்!

இன்றே தொடங்க

மனம் குழம்பி நிற்பவர்களுக்குச் சில எளிய வழிகளைக் கூறி முடிக்கிறோம்.

முதலாவது, முடிவு செய்ய வேண்டியதை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எழுத முடியாத கவலைக்குத் தீர்வு தேட முடியாது.

இரண்டாவது, யாரைக் கேட்பது என்பதை முன்கூட்டியே வரையறுங்கள். உமர் (ரலி) அவர்கள் மூன்று குழுவினரோடு நிறுத்திக் கொண்டார்கள். நமக்கு மூன்று பேர் போதும்: துறை அறிந்தவர் ஒருவர், நம்மை அறிந்தவர் ஒருவர், அல்லாஹ்வை அஞ்சுபவர் ஒருவர். பிளஸ் டூ முடித்த மகனுக்காகப் பன்னிரண்டு பேரிடம் யோசனை கேட்டு, கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளைத் தவற விட்ட தந்தையை நாம் அறிவோம். பன்னிரண்டு பேரும் நல்லவர்களே; ஆனால் ஓராண்டை இழந்தது அந்தப் பிள்ளை.

மூன்றாவது, ஒரு நாளைக் குறியுங்கள். அந்நாள் வந்ததும் கையிலுள்ள அறிவைக் கொண்டு முடிவெடுத்து, இஸ்திகாரா செய்து, காரியத்தில் இறங்குங்கள்.

நான்காவது, சிறிதாகத் தொடங்குங்கள். குறைவாக இருந்தாலும் நிலைத்துச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள்.

ஐந்தாவது, யாரேனும் ஒருவர் முதலில் எழ வேண்டும். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்தபின், குர்பானிப் பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும், துயரத்தில் ஆழ்ந்திருந்த தோழர்கள் எவரும் எழவில்லை. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், யாரிடமும் எதுவும் பேசாமல் சென்று தங்கள் பிராணியை அறுத்து முடியைக் களையுங்கள் என்ற ஆலோசனையைக் கூறினார்கள். நபியவர்கள் அவ்வாறே செய்ததும் அனைவரும் எழுந்து விட்டனர். நூறு பேச்சு அசைக்காத கூட்டத்தை ஒரு செயல் அசைத்து விடும்.

கண்ணியமிகு நிர்வாகிகளுக்கும் உரிமையோடு ஒரு வார்த்தை. நம் ஜமாஅத்தின் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினோம். மாணவர்களுக்கான மாலை நேரப் பாட வகுப்பு 'பரிசீலனையில் உள்ளது' என்று தொடர்ந்து ஐந்து அறிக்கைகளில் அச்சாகியிருக்கின்றது. முதல் அறிக்கை வந்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்து விட்டனர். கட்டடம் வேண்டாம், மதரஸா மாடி மாலையில் காலியாகத்தான் கிடக்கின்றது. கணக்குச் சொல்லித் தர இரண்டு பட்டதாரி இளைஞர்கள் இந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். வரும் சனிக்கிழமை மக்ரிபுக்குப் பின் விளக்கைப் போட்டுப் பாயை விரிப்போம். அடுத்த ஆண்டறிக்கையில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அச்சாகட்டும்.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும், கற்றதைச் செயலாக்கும் வலிமையையும், தொடங்கியதை நிறைவு செய்யும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! 'ஸீன்' வரை ஓதிச் சென்ற அந்தப் பெரியவரின் கப்ரை ஒளிமயமாக்கி, மீதியை மறுமையில் ஓதி மகிழச் செய்வானாக! நம் தாமதங்களை மன்னித்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.